பதினோரு செல்லியம்மாள்கள்

மேலக்கண்டிகையில் நின்று "செல்லியம்மா" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து "இன்னா?" என்று பதில் வரும். ஊர்த் தெய்வம் செல்லியம்மன். வேண்டிக்கொண்டு பிறந்த பெண், வேண்டாமல் பிறந்த பெண், எல்லோருக்கும் அந்தப் பெயர்தான். குழப்பம் வராமலிருக்க ஆளுக்கொரு அடைமொழி வைத்திருக்கிறார்கள். மளிகைக்கடை வைத்திருப்பவர் கடைக்காரச் செல்லி. மோட்டார் கொட்டகைப் பக்கம் குடியிருப்பவர் கொட்டாய் செல்லி. ராமலிங்கத்தின் மனைவிக்கு ஸ்டீல் செல்லி என்று பெயர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றின் கேன்டீனில் பன்னிரண்டு வருஷமாகச் சமையல் வேலை பார்ப்பதால் வந்த பெயர் அது.

வயது நாற்பத்து நாலு. எட்டாவது வரை படித்தவள். விடிகாலை நாலே முக்காலுக்கு ஆலை வேன் ஊர் முனைக்கு வரும். ஷிப்டு மாறுவதற்குள் எழுநூறு இட்லி இறக்கியாக வேண்டும். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தால் முக்கால் ஏக்கர் வயல் காத்திருக்கும். அவள் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பஸ்ஸுக்கு நின்றால்கூடக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ரோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள்.

"வண்டி வராத எங்க போவப்போவுது? ஒரு எடத்துல நில்லேன்மே" என்பார் ராமலிங்கம்.

அப்படிப்பட்டவளை அஞ்சு மாசம் ஒரு கவுண்ட்டர் முன்னால் நிற்க வைத்தார்கள்.

போன வருஷம் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்த நேரத்தில் போர் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் போட, தன் ரெண்டரை சவரன் செயினை ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அடகு வைத்தாள். எல்லோரும் சொசைட்டி என்றுதான் சொல்வார்கள். உரம், விதை, பயிர்க்கடன், நகைக்கடன் எல்லாம் அங்கேதான். அப்போது எல்லாமே நோட்டுதான். எழுத்தர் ஆதிகேசவன் மஞ்சள் அட்டையில் பேனாவால் 'செல்லியம்மாள், க/பெ. ராமலிங்கம்' என்று எழுதிக் கொடுத்தார்.

மாசாமாசம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, அறுவடைக்குப் பிறகு பிப்ரவரியில் மீதியை ஒரே மூச்சில் கொண்டுபோய் வைத்தாள். இடையில் சொசைட்டிக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அன்றைக்கென்று சர்வர் வேலை செய்யவில்லை. ஆதிகேசவன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கையால் ஒரு ரசீது போட்டுக் கொடுத்தார்.

"நகை?"

"சர்வர் வந்ததும் உங்க ரேகை வெச்சாத்தான்மா லாக்கர்ல இருந்து எடுக்க முடியும். நாளைக்கி வாங்க."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். நகைக் கவுண்ட்டர் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான். சர்வர் வந்திருந்தது. விரலை மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ஆதிகேசவன் திரையைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"பேரு இடிக்குதும்மா. இதுல செல்வியம்மாள்னு இருக்கு. உங்க ஆதார்ல செல்லியம்மாள்."

"நான் செல்லியம்மாதான் சார். நீங்கதானே எழுதினீங்க?" மஞ்சள் அட்டையை நீட்டினாள்.

"அது பழசு. சிஸ்டத்துல இன்னா இருக்குதோ அதான் கணக்கு."

"அப்ப சிஸ்டத்துல மாத்துங்க."

"எனக்கு அந்த பவர் கெடையாது. மேடம் வரணும்."

மேடம் என்றால் செயலாளர் ஜோதிலட்சுமி. மூன்று சங்கங்களை ஒருத்தரே பார்த்துக்கொண்டிருந்தார். மேலக்கண்டிகைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். ஒரு செவ்வாயில் மீட்டிங் என்று மாவட்ட ஆபீசுக்குப் போயிருப்பார். அடுத்த செவ்வாயில் ஆடிட்டு. அதற்கடுத்த செவ்வாயில் மேடம் வந்திருந்தார், கரண்ட் இல்லை. ஒருநாள் எல்லாம் கூடி வந்தது. மேடம் இருந்தார், கரண்ட் இருந்தது, சர்வரும் இருந்தது. செல்லியம்மாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கி ஓடுவதற்குள் மணி ஒன்று பத்து.

"கேஷ் க்ளோஸ் பண்ணியாச்சும்மா."

"பத்து நிமிசம்தானே சார்! ரயில்வே கேட் போட்டுட்டான்."

"கேட்டுக்கு நான் இன்னா பண்றது?"

ஆதிகேசவன் கெட்ட மனுஷர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். 'அம்மா' போட்டுத்தான் பேசுவார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இந்த மனுஷரிடம் என்ன செய்வது?

ஒரு செவ்வாயன்று கடைசியில் ஜோதிலட்சுமியைப் பிடித்துவிட்டாள். அவர் காகிதங்களிலிருந்து தலையைத் தூக்காமலே வழி சொன்னார். "நோட்டரிகிட்ட அஃபிடவிட் ஒண்ணு வாங்கிட்டு வந்திருங்க. செல்வியம்மாளும் செல்லியம்மாளும் ஒரே ஆளுதான்னு. அஞ்சு நிமிஷ வேலை."

செல்லியம்மாள் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு வக்கீலிடம் போனாள். அவர் ஆளிடம் சொல்லி முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'செல்வியம்மாள் என்றும் செல்லியம்மாள் என்றும் இரு பெயர்களாலும் நான் அழைக்கப்பட்டு வருகிறேன் என்று சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுகிறேன்.'

"சார், இது பொய்யாச்சே."

"இன்னாம்மா பொய்?"

"என்னை யாருமே செல்வியம்மான்னு கூப்ட்டது இல்ல சார். ஒரு நாளும் இல்ல. சத்தியமா கூப்ட்டாங்கன்னு எப்பிடி கையெழுத்துப் போடுறது?"

வக்கீல் சிரித்தார். எல்லோரும் போடுகிறார்கள், இது வெறும் நடைமுறை என்றார். அவள் பேனாவை மேஜைமேல் வைத்தாள். டைப் அடித்த கூலியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேகமாக நடந்தாள். கிராம நிர்வாக அலுவலரிடமும் போய்க் கேட்டாள். அவர், "உன் ஆதார் சரி, பட்டா சரி, ரேஷன் கார்டு சரி. தப்பு அவங்களுது. நான் எதைத் திருத்துறது?" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் ராமலிங்கம் சத்தம் போட்டார். "ஒரு கையெழுத்து! போட்டு வாங்கிகினு வராம, லீவு மேல லீவு போட்டுகினு அலையுற. இப்போ அந்த செயினுக்கு இன்னா அவசரம்? கல்யாணமா, காட்சியா? சொசைட்டில பத்திரமாத்தானே கெடக்குது?"

எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். என்ன அவசரம்? கேன்டீன் சூப்பர்வைசர் சாம்சன் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். மூன்று மாசத்தில் ஒன்பது அரை நாள். "அக்கா, இனிமே மாசத்துக்கு ரெண்டுக்கு மேல போனா போனஸ் கட்டாயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். ராமலிங்கத்திடம் மட்டும் பதில் சொன்னாள்.

"என்னோட பொருளு என் கழுத்துல இருக்கணும்னா, அதுக்கு ஒரு காரணம் வேணுமாயா?"

ஆனால் உள்ளுக்குள் வேறொரு பயமும் இருந்தது. எந்த ஊரிலோ லாக்கரில் வைத்த நகை மாறிப்போனதாக வேனில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு மாவு கரைக்கும்போதும் அதே நினைப்பு. செயினின் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி நசுங்கியிருக்கும். அது இடப்பக்கமா, வலப்பக்கமா? ஞாபகம் வரவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டு, ரோலிங் பிரிவு ஆட்கள் தட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. மகள் பூமிகா பொன்னேரி காலேஜிலிருந்து வந்ததும், "எம்மா, நீ தூக்கத்துல செல்லி, செல்வின்னு பேசுற" என்று சொன்னாள்.

ஜூன் மாசம் இரண்டாவது வாரம், வயலிலிருந்து திரும்பும் வழியில் தபால்காரர் லோகு சைக்கிளை நிறுத்தினார். கையில் ஒரு பதிவுத் தபால்.

"யக்கா, ராமலிங்கம் உன் ஊட்டுக்காரருதானே? அவரு பேரை வெச்சித்தான் உன்னைக் கண்டுபுட்ச்சேன். பேரு செல்வியம்மாள்னு போட்டுக்கீது."

அவள் வாங்கிப் பிரித்தாள். தவணை கடந்துவிட்டதால், பதினைந்து நாளுக்குள் கடனைச் செலுத்தாவிட்டால் நகை ஏலம் விடப்படும் என்றிருந்தது. பிப்ரவரியில் கட்டிய பணம் எங்கே போயிற்று? பெயர் ஒத்துப்போகாததால் அந்தக் கையெழுத்து ரசீதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லோகு சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு அவர்பாட்டுக்குச் சொன்னார்: "பேஜாரா கீதுக்கா. இந்த ஊர்ல செல்வியம்மாள்னு ஒரு ஆளே கெடையாது. பதினாலு வருசமா தபால் குடுக்குறேன், எனக்குத் தெரியாதா? ஆனா இந்த ஆறு மாசமா சொசைட்டிலேர்ந்து செல்வியம்மாளுக்கு மட்டும் தபால் வந்துகினே கீது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊட்டுக்காரர் பேர்ல."

செல்லியம்மாள் பாட்டிலை மூட மறந்தாள். "யார் யாருக்கு?"

லோகு விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கடைக்காரச் செல்லி. கொட்டாய் செல்லி. ஏரிக்கரை ஓரத்து வீட்டுச் செல்லி. ஏழு பெயர் வரை அவருக்கு ஞாபகம் இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் வீடு வீடாகப் போனாள். பூமிகாவும் ஒரு நோட்டோடு கூட வந்தாள். கடைக்காரச் செல்லிக்கு ஆறு மாசமாக உரம் கொடுக்கவில்லை. பெயர் இடிக்கிறது என்று சொல்லித் தனியார் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொட்டாய் செல்லிக்குப் பயிர்க்கடன் புதுப்பிக்கவில்லை. இன்னொரு செல்லி நானூறு ரூபாய் கொடுத்து நோட்டரி வாங்கிக்கொண்டு போனதில், முத்திரை சரியில்லை என்று திருப்பியிருந்தார்கள். எல்லோருமே அது தன் ஒருத்தியின் தலையெழுத்து என்று நினைத்து, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் நோட்டில் பதினோரு பெயர் சேர்ந்தது. பதினொன்றும் ஒரே பெயர்.

"செவ்வாக்கெழம மேடம் வருவாங்க. எல்லாரும் வாங்க" என்றாள் செல்லியம்மாள்.

"நாம போய் இன்னா பேசறது?" என்றார் கடைக்காரச் செல்லி. அறுபதைத் தாண்டியவர்.

"நீ ஒண்ணும் பேச வாணாம் பெரிம்மா. பேர் கேட்டா பேர் சொல்லு, போதும்."

செவ்வாய்க்கிழமை அவள் முழுநாள் லீவு போட்டாள். சாம்சன் முகத்தைச் சுளித்தார். பத்தரை மணிக்குப் பதினோரு பெண்களும் சொசைட்டிக்குள் நுழைந்தார்கள். உரமூட்டை வாசனை அடிக்கும் அந்தச் சின்ன ஹாலில் பெஞ்சு ஒன்றுதான். மூன்று பேர் உட்கார, மீதிப் பேர் கவுண்ட்டரை ஒட்டி நின்றார்கள்.

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒவ்வொருத்தரா வாங்க. பேரு?"

"செல்லியம்மாள்."

"உங்க பேரு?"

"செல்லியம்மாள்."

ஐந்தாவது ஆளிடம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். உள் அறைக்கு எழுந்து போனார். ஜோதிலட்சுமி வெளியே வந்தார்.

"இன்னாம்மா, கும்பலா வந்தா எப்பிடி? ஒவ்வொருத்தரும் அஃபிடவிட் கொண்டாங்க, நான் மேல அனுப்புறேன். நான் வேணாம்னா சொன்னேன்?"

செல்லியம்மாளால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. கவுண்ட்டர் பலகைக்குப் பக்கத்தில் ரெண்டடி போனாள், திரும்பி வந்தாள்.

"மேடம், ஒருத்தி பேரு தப்புன்னா நாங்க தப்புன்னு சொல்லுங்க. பதினோரு பேரும் பேரை மாத்திகினோமா? நாங்க சேர்ந்தப்போ எழுதின உறுப்பினர் பதிவேடு இருக்கும் இல்ல? அதை எடுங்க. அதுல செல்வியம்மாள்னு ஒரு பேரு இருந்தா, இந்த எடத்துலயே நான் கையெழுத்துப் போட்டுடுறேன்."

"அதெல்லாம் பழைய ரெக்கார்டும்மா. குடோன்ல கெடக்குது. இப்போ எடுக்க முடியாது."

"நாங்க எடுக்குறோம்."

"வெளியாளுங்க எடுக்கக் கூடாது."

"வெளியாளு யாரு? மெம்பருங்க நாங்க. ஒவ்வொருத்தியும் பங்குத்தொகை கட்டித்தான் சேந்துக்கீறோம்" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ஒன்றும் பேச வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு வந்த கடைக்காரச் செல்லிதான்.

ஜோதிலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். மணி பதினொன்றரை ஆனது, பன்னிரண்டரை ஆனது. உரம் வாங்க வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். ஒரு மணிக்கு ஆதிகேசவன் வழக்கம்போலக் கவுண்ட்டரைச் சாத்த எழுந்தார். பதினோரு பேரில் யாரும் நகரவில்லை. வீட்டிலிருந்து யாரோ சாப்பாடு கட்டி எடுத்து வந்திருந்தார்கள்; உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆதிகேசவனுக்கும் ஒரு இலையில் எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்தார் கொட்டாய் செல்லி. அவர் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

இருபது நிமிஷம் கழித்துச் சட்டையெல்லாம் தூசியாக வந்தார். கையில் துணி பைண்டு போட்ட மூன்று தடித்த பதிவேடுகள்.

அவரே புரட்டினார். பூமிகா எழுதிக் கொடுத்திருந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்லியம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மங்கிப்போன மசியில், நாலைந்து பேருடைய கையெழுத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் 'செல்லியம்மாள்' என்றே இருந்தது. ஓரிடத்தில்கூட 'வி' இல்லை. ஜோதிலட்சுமி நின்றுகொண்டே பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தினது யாரு சார்?" என்றாள் செல்லியம்மாள்.

"வெளி ஏஜென்சி. பக்கத்துக்கு இவ்ளோன்னு காசு. எங்கியோ உக்காந்து அடிச்சாங்க. செல்லின்னு ஒரு பேரு இருக்காது, எழுதினவன் தப்பா எழுதிட்டான்னு நெனச்சிருப்பான். அவனா திருத்திட்டான்." ஆதிகேசவன் பதிவேட்டை மூடினார். "சரிபார்த்து அனுப்புன்னு எனக்குத்தான் குடுத்தாங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு, மூணு நாள் டைம். நான் பாக்கலைம்மா. பாத்தேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

மேடத்தின் முன்னால் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. செல்லியம்மாளுக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று அஞ்சு மாசமாக இருந்த வேகம், அந்த நேரத்தில் எப்படியோ கழன்றுபோயிற்று. அவர் மேல் கோபம் இல்லாமல் போகவில்லை.

"அப்போ மாத்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜோதிலட்சுமி மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். முதலில் ஒருத்தர் எடுத்து வேறொருத்தரிடம் கொடுத்தார், அவர் இன்னொருத்தரிடம். ஸ்பீக்கரில் ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி வந்த "லைன்ல வெயிட் பண்ணுங்க" என்ற குரலைக் கேட்டுக்கொண்டு, இந்தத் தடவை ஜோதிலட்சுமி காத்து நின்றார். கடைசியில், பதிவேட்டின் நகலோடு சங்கத்திலிருந்து கடிதம் வந்தால் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

"லெட்டரை நாளைக்கி அடிச்சு அனுப்பிடுறோம்" என்றார் ஜோதிலட்சுமி.

"இப்பவே அடிங்க மேடம். நாங்க இருக்கோம்."

ஆதிகேசவன் அடித்தார். செல்லியம்மாள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தாள். ஏழாவது பெயரில் அவர் விரல் பழக்கத்தில் 'வி' போட்டுவிட்டது. "சார்!" என்று அவள் கத்தியதில் பெஞ்சில் கண்ணயர்ந்திருந்தவர் எழுந்துகொண்டார். ஏல அறிவிப்பை நிறுத்தி வைக்கும்படி தனியாக ஒரு வரியும் எழுத வைத்தாள். கடிதத்தில் ஜோதிலட்சுமி கையெழுத்துப் போட்டபோது மணி நாலேகால். நகலில் முத்திரை குத்தி ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் ஆனது. நோட்டீசில் கொடுத்த கெடு நெருங்க நெருங்க, அவள் தினமும் வேலை முடிந்ததும் சொசைட்டி வழியாகவே நடந்து வந்தாள். உள்ளே போவதில்லை. ஜன்னல் வழியாக ஆதிகேசவன் இல்லை என்று தலையாட்டுவார், அவள் நடையைக் கட்டுவாள். பதின்மூன்றாம் நாள், நகைக் கவுண்ட்டர் நேரம் தாண்டியிருந்தும், அவரே வெளியே வந்து, "வாம்மா, உள்ள வா" என்றார்.

திரையில் பெயர் மாறியிருந்தது. ரசீதை ஏற்றினார், பிப்ரவரிக்குப் பிறகு ஏறிய வட்டி தள்ளுபடியானது. செயின் காக்கிக் கவரிலிருந்து தராசுக்கு வந்தது. அவள் எடையைப் பார்க்கவில்லை. நசுங்கிய கண்ணியைத் தேடினாள். வலப்பக்கம் இருந்தது. அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ராமலிங்கம் கடைத்தெருவில் யாரிடமோ, "ஏன் கையெழுத்துப் போடணும்? நாம இன்னா தப்பு பண்ணோம்?" என்று பேசிக்கொண்டிருந்ததாகப் பூமிகா வந்து சொன்னாள். அந்த மாசம் செல்லியம்மாளுக்கு வருகை போனஸ் வரவில்லை. சாம்சன் சொன்னபடி செய்துவிட்டார்.

பதினோரு பேரில் எட்டுப் பேருக்குத்தான் வேலை முடிந்தது. மூன்று பேருக்கு வேறு சிக்கல். கடைக்காரச் செல்லிக்குப் பெயர் சரியாகிவிட்டது. ஆனால் ஓ.டி.பி. போகிற போன் நம்பர், செத்துப்போன கணவருடையது. நம்பரை மாற்ற இன்னொரு விண்ணப்பமாம், அதற்கும் செவ்வாய்க்கிழமைதான் வர வேண்டுமாம்.

செல்லியம்மாளுக்கு இனி அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு வேனிலிருந்து இறங்கியவள், வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே மளிகைக்கடைக்குப் போனாள். கடைக்காரச் செல்லி வெற்றிலையை மடித்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பெரிம்மா, இன்னும் கெளம்பலியா? மேடம் மூணு மணிக்குப் போயிடுவாங்க. எந்திரி, எந்திரி" என்று கடையின் தட்டியைத் தானே இழுத்துச் சாத்த ஆரம்பித்தாள்.